முதல் குடியேற்ற உழவரும் பள்ளி வழக்கும்: நெப்ராஸ்கா சமவெளியில் மனச்சாட்சியின் வரலாறு

சமயப் பொறுமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர் பிறப்பித்த கட்டளைகளையும் அறிஞர் இயற்றிய நூல்களையும் கொண்டே அதனை எழுதிவருகின்றனர். 1598ஆம் ஆண்டின் நான்ட்ஸ் கட்டளை, 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொறுமைச் சட்டம், 1786ஆம் ஆண்டின் வர்ஜினியா சமய உரிமைச் சட்டம் ஆகியவை திருச்சபை வரலாற்று வகுப்புகளில் வழக்கமாகக் கூறப்படுபவை. ஆனால் அடுத்தடுத்த நிலங்களில் உழுது, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் குழி வெட்டிய எளிய உழவர்கள், தங்களுக்குள் முற்றிலும் மாறுபட்ட வாழ்வு நெறிகளை உடையவர்களாயிருந்தும் எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தனர் என்னும் கேள்வியை நாம் அதிகமாக எழுப்புவதில்லை. வட அமெரிக்காவின் நடுச் சமவெளியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த குடியேற்றம் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். குறிப்பாக, நெப்ராஸ்கா மாநிலத்தில் அரசின் இலவச நிலத்தை முதன்முதல் பெற்றவர் என்று அந்நாட்டு வரலாறு போற்றும் அதே மனிதர், பிற்காலத்தில் தம் ஊர்ப் பள்ளியில் வேதவாசிப்பை எதிர்த்து வழக்காடினார் என்பது, ஊழியர்களாகிய நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

1862ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், அதாவது குடியேற்ற நிலச் சட்டம், 1863 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ உள்ள எவரும் 160 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோரலாம். அவர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும், அல்லது குடிமகனாக விரும்புவதாக அறிவித்திருக்கவேண்டும். அந்நிலத்தில் வீடு கட்டி, ஐந்து ஆண்டுகள் அதிலேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் அவருக்கே சொந்தமாகும். கட்டணம் எல்லாம் சேர்ந்து 18 டாலர். விதவையும் மணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். இந்தச் சட்டத்தின்கீழ் இறுதியில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் பட்டா பெற்றனர். அவர்களுக்குச் சேர்ந்த நிலம் 27 கோடி ஏக்கர், அதாவது அந்நாட்டு நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. சட்டம் 1976ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் மேலும் பத்தாண்டுகள் நீடித்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த முதல் நாளிலேயே, மிசூரி ஆற்றங்கரையிலுள்ள பிரவுன்வில் நில அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தவர் டேனியல் ஃப்ரீமன். ஒகையோவில் 1826ஆம் ஆண்டு பிறந்தவர்; மருத்துவம் பயின்றவர். புத்தாண்டு இரவு விருந்தில் அலுவலரைக் கண்டு, நள்ளிரவு கடந்தவுடன் அலுவலகத்தைத் திறக்கச் செய்து தம் விண்ணப்பத்தைப் பதிவு செய்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகக் கூறப்படும் கதை. பியாட்ரிஸ் என்னும் ஊருக்கு மேற்கே கப் ஓடையின் கரையில் அவருடைய நிலம் அமைந்திருந்தது. அந்நிலமே 1936ஆம் ஆண்டில் தேசிய நினைவிடமாக்கப்பட்டது.

சட்டம் எவருடைய சமயத்தையும் வினவவில்லை. ஆகவே வந்தவர்கள் பலதிறத்தினர். ஜெர்மானிய லுத்தரன் குடும்பங்களும், ஸ்வீடன், நார்வே நாட்டு லுத்தரன் திருச்சபையாரும், அயர்லாந்துக் கத்தோலிக்கரும் வந்தனர். ஃப்ரீமனின் நிலம் இருந்த கேஜ் மாவட்டத்தில் மேற்குப் பிரஷ்யாவிலிருந்து மெனோனைட்டுகள் 1876-77ஆம் ஆண்டுகளில் வந்து பியாட்ரிஸ் அருகே நிலைகொண்டனர். போர்க்கருவி ஏந்தமாட்டோம் என்பது அவர்களுடைய விசுவாசம். அடுத்த மாவட்டமான சலீனில் வில்பர் என்னும் ஊரைச் சுற்றிச் செக் மக்கள் குடியேறினர். இவர்களுள் பலர் எந்தத் திருச்சபையையும் சேராத சுயசிந்தனையாளர். 1415இல் யான் ஹஸ் தீக்கிரையானதும், 1620ஆம் ஆண்டு வெண்மலைப் போருக்குப்பின் ஆஸ்திரிய அரசு கத்தோலிக்க சமயத்தை மக்கள்மேல் திணித்ததும் அவர்களுடைய நினைவில் ஆறாத புண்ணாக இருந்தன. குருவானவர் என்றாலே அரசின் ஆள் என்னும் எண்ணத்தோடு கப்பலேறியவர்கள் அவர்கள். தெற்கே கான்சாஸ் மாநிலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877இல் நிக்கொதேமு என்னும் ஊரை நிறுவினர். வடக்கே வட டக்கோட்டாவில் ரொஸ் என்னும் சிற்றூரின் அருகே, இந்நூற்றாண்டுகளின் சந்திப்பில், சிரிய நாட்டு முஸ்லிம்கள் நிலம் பெற்று உழுதனர். வீடுகளிலேயே தொழுதுவந்த அவர்கள் 1929இல் அங்கு ஒரு சிறு பள்ளிவாசலைக் கட்டினர்.

தூரமும் தேவையும்

இத்தனை வேறுபட்டோர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதற்குக் காரணம் யாது? தத்துவ நூல்களில் விடை தேடுவதைவிட நில அளவையில் தேடுவது நன்று. 160 ஏக்கர் என்பது பக்கத்துக்கு அரை மைல் நீளமுள்ள ஒரு சதுரம். ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலேயே குடியிருக்கவேண்டும் என்று சட்டம் விதித்ததால், ஐரோப்பிய நாடுகளிலோ நம் நாட்டிலோ காண்பதுபோல் வீடுகள் நெருங்கிய ஊர்கள் அங்கு எளிதில் உருவாகவில்லை. அண்டை வீட்டாரின் ஜெபம் நம் காதில் விழுவதில்லை. அவர் ஜெபிக்காமலிருப்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஆயினும் அதே தூரம் மனிதரை மனிதருக்குத் தேவையுள்ளவராக்கியது. மரமில்லாத சமவெளியில் புல்வேரோடு பெயர்த்த மண்பாளங்களை அடுக்கி வீடு கட்டவும், ஆழக் கிணறு தோண்டவும், கதிரடிக்கவும் பல கைகள் வேண்டியிருந்தன. 1874ஆம் ஆண்டு வெட்டுக்கிளிப் படை பயிரை அழித்தபோதும், 1888 ஜனவரி 12ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் திடீரெனப் பனிப்புயல் வீசிப் பலரைக் கொன்றபோதும், உதவிக்கு வந்தவரின் விசுவாசப் பிரமாணம் என்னவென்று எவரும் வினவியிருக்க முடியாது.

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் லோத்தும் மேய்ப்பரின் சண்டையைத் தவிர்க்கும்பொருட்டு வலப்பக்கமும் இடப்பக்கமுமாகப் பிரிந்து சென்றதை நாம் அறிவோம். குடியேற்ற உழவரின் பொறுமையும் முதலில் அத்தகையதே; இடம் மிகுதியாயிருந்ததால் சண்டை குறைவாயிருந்தது. ஆனால் அதே அதிகாரத்தில், அந்நாட்களில் கானானியர் அத்தேசத்தில் குடியிருந்தார்கள் என்று மூலநூலார் இடையே குறித்துச் செல்வதைப் பலர் வாசித்தும் கவனிப்பதில்லை. நெப்ராஸ்காவிலும் அந்நிலம் வெறுமையாயிருக்கவில்லை. ஓட்டோ-மிசூரியா மக்களுக்கு 1854ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு ஒதுக்கிடம் கொடுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி கேஜ் மாவட்டத்தின் தெற்கெல்லையிலேயே இருந்தது. 1881ஆம் ஆண்டளவில் அவர்கள் அதையும் விட்டு இன்றைய ஒக்லகோமாவுக்குச் செல்லவேண்டியதாயிற்று. குடிமக்களாகும் தகுதி மறுக்கப்பட்ட சீனருக்கும் இச்சட்டத்தால் பயனில்லை. அண்டை வீட்டாரை அன்புடன் நடத்திய நல்ல உழவர்கள், அந்த அண்டை எவருடைய நிலத்தில் அமைந்தது என்று கேட்கவில்லை. இதைக் கூறாமல் அவர்களுடைய பொறுமையைப் புகழ்வது அரை வரலாறாகும்.

கல்லறைத் தோட்டத்தில் பொறுமையின் எல்லை தெரிந்தது. உயிரோடிருக்கும்போது கதிரடிக்கச் சேர்ந்தவர்களை இறந்தபின் ஒரே மண்ணில் வைக்கப் பல சபைகள் இசையவில்லை. செக் சுயசிந்தனையாளர் தங்களுக்கெனத் தனிக் கல்லறைத் தோட்டங்களை அமைத்துக்கொண்டனர். அடக்கச் செலவுக்கும் விதவைகளின் ஆதரவுக்கும் தங்கள் சகோதர சங்கங்களை நம்பினர். 1897இல் ஒமாகா நகரில் அத்தகைய சங்கம் ஒன்று, பெண்களையும் உறுப்பினராக ஏற்றுத் தொடங்கப்பட்டது. வில்லா கேதர் 1918இல் வெளியிட்ட ‘மை அன்டோனியா’ என்னும் நாவலில், தற்கொலை செய்துகொண்ட போகேமியக் குடியேற்றக்காரருக்கு அயலிலிருந்த நார்வேஜியச் சபையார் கல்லறையில் இடம் மறுப்பது ஒரு முக்கியக் கட்டம். கற்பனைக் கதையாயினும், ஆசிரியர் தம் இளமையில் அம்மாநிலத்திலேயே வளர்ந்தவர் என்பதை நினைவில் கொள்க. ஆயர்கள் இப்பகுதியை ஒருமுறை வாசிப்பது பயனளிக்கும்.

சட்டத்துக்குள் மறைந்திருந்த வாழ்வு நெறி

நிலச் சட்டம் எந்தச் சமயத்தையும் விலக்கவில்லை என்றோம். ஆயினும் அது ஒரு வாழ்வு நெறியைத் தேர்ந்துகொண்டிருந்தது. தனி மனிதன், தனி வீடு, தனிச் சொத்து என்பதே அந்நெறி. இதனை முதலில் உணர்ந்தவர்கள் ஹட்டரைட் சகோதரர்கள். 16ஆம் நூற்றாண்டின் மறுஞானஸ்நான இயக்கத்தில் தோன்றி, அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தின் சபையைப்போல் அனைத்தையும் பொதுவாக வைத்து வாழ்வதே சீஷத்துவம் என்று கொண்டவர்கள் இவர்கள். ருஷ்ய அரசு படைச் சேவையிலிருந்து கொடுத்திருந்த விலக்கை நீக்கத் தொடங்கியபோது, 1874 முதல் 1879 வரை ஏறத்தாழ 1,250 பேர் டக்கோட்டாவுக்கு வந்தனர். இவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே பொன் ஹோம் முதலிய இடங்களில் நிலத்தை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமைக் குடியிருப்புகளை அமைத்தனர். மற்றவர் ஆளுக்கு 160 ஏக்கர் இலவச நிலம் பெற்றுத் தனித்தனியே வாழத் தலைப்பட்டு, காலப்போக்கில் பெரும்பாலும் மெனோனைட் சபைகளில் இணைந்தனர். அவர்களை ‘சமவெளி மக்கள்’ என்று மற்றவர் அழைத்தனர்.

துன்புறுத்தல் செய்யாததை இலவச நிலம் செய்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது முழு உண்மையன்று. ருஷ்யாவில் இருந்தபோதே அவர்களுள் பொதுவுடைமை வாழ்வு பெருமளவு கைவிடப்பட்டு, பின்னர் ஒரு சாராரால் மீட்கப்பட்டது. நிலச் சட்டம் ஏற்கெனவே இருந்த பிளவுக்கு வேலி போட்டது என்பதே நேர்மையான கூற்று. எவ்வாறாயினும், எல்லாருக்கும் சமமாகத் திறந்த கதவு எல்லாருடைய உருவத்துக்கும் ஏற்றதாயிராது என்பதை இவர்களுடைய வரலாறு காட்டுகிறது.

ஃப்ரீமன் பள்ளி வழக்கு

நிலத்தில் விலகி வாழ்ந்தோர் ஓரிடத்தில் மட்டும் விலக முடியவில்லை. அது பள்ளிக்கூடம். ஃப்ரீமனின் நிலத்துக்கு அருகே 1872இல் செங்கல்லால் கட்டப்பட்ட ஒற்றையறைப் பள்ளி ஒன்று இருந்தது. அதுவும் ஃப்ரீமன் பள்ளி என்றே பெயர் பெற்றது. அந்த அறையே பிள்ளைகளுக்குப் பாடசாலை, பெரியோருக்கு வாக்குச்சாவடி, வழிபாட்டுக் கூடம், ஊர்க் கூட்டத்துக்கு மன்றம். அதன் செலவு எல்லாருடைய வரியிலிருந்தும் வந்தது.

1899ஆம் ஆண்டில் அப்பள்ளியின் ஆசிரியை எடித் பீச்சர், பள்ளியறையில் ஆங்கில வேதாகமத்திலிருந்து வாசித்து, ஞானப்பாட்டுகள் பாடுவித்து, ஜெபமும் செய்துவந்தார். அவருடைய பக்தியையோ நல்லெண்ணத்தையோ ஐயுற நமக்கு யாதொரு காரணமுமில்லை. நம் கிராமப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இதையே செய்துவந்த ஆசிரியைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஃப்ரீமன் இதனை நிறுத்துமாறு கேட்டார். ஆசிரியை இசையவில்லை. பள்ளிக் குழுவிடம் முறையிட்டார். குழு ஆசிரியையின் பக்கம் நின்றது. மாவட்ட நீதிமன்றம் சென்றார், அங்கும் தோற்றார். முதியவரான அவர் விடவில்லை. வழக்கு நெப்ராஸ்கா உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, 1902ஆம் ஆண்டு அவருக்குச் சாதகமாக முடிந்தது.

1875ஆம் ஆண்டின் நெப்ராஸ்கா அரசியலமைப்பு, ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியின்படி இறைவனை வழிபடும் உரிமையை உறுதிசெய்து, எவரையும் அவருடைய இசைவின்றி வழிபாட்டு இடத்துக்கு வரவோ அதைத் தாங்கவோ கட்டாயப்படுத்தலாகாது என்று கூறுகிறது. பொதுப் பணத்தால் நடக்கும் பள்ளிகளில் சமயப் பிரிவு சார்ந்த போதனையையும் அது தடைசெய்கிறது. வாசிப்பு, பாட்டு, ஜெபம் மூன்றும் சேர்ந்து நடைபெற்ற அந்த ஒழுங்கு, சுவிசேஷச் சபைகளின் வழக்கப்படி அமைந்த வழிபாடே என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பு பெரும் ஆரவாரத்தை எழுப்பியதால் 1903இல் மறு விசாரணை நடந்தது. அப்போது நீதிமன்றம் தன் முடிவை மாற்றவில்லை. ஆனால் அதன் எல்லையைத் தெளிவாக்கியது. வேதாகமம் என்னும் நூல் பள்ளியிலிருந்து விலக்கப்படவில்லை. அதனை ஒரு சமயப் பிரிவின் போதனைக்குக் கருவியாக்குவதே தடைசெய்யப்பட்டது என்பது அதன் கருத்து.

இதனை வாசிக்கும் இறையியல் மாணவருக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம், திருமறைக்கு எதிரான ஒருவர் வென்றார் என்பதாகும். அக்காலத்துப் பக்தர் பலரும் அவ்வாறே எண்ணினர். நானும் முதலில் இவ்வழக்கைப் படித்தபோது ஆசிரியையின் பக்கமே என் மனம் சாய்ந்தது. ஆயினும், அந்த அறையில் எவருடைய பிள்ளைகள் அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். கத்தோலிக்கப் பெற்றோருக்கு அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்நியமானது. செக் சுயசிந்தனையாளருக்கு அது தம் முன்னோர் கண்ட கட்டாயத்தின் நிழல். லுத்தரன் குடும்பத்தாருக்கோ, ஞானோபதேசமில்லாமல் சபை வேறுபாடின்றி நடத்தப்படும் ஜெபம் ஐயத்துக்குரியது. பெரும்பான்மையோர் எதைப் ‘பொதுவானது’ என்று நினைத்தார்களோ அது மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் முதலிய சபைகளுக்கு மட்டுமே பொதுவாயிருந்தது.

போரும் மொழிச் சட்டமும்

பதினைந்து ஆண்டுகளில் காட்சி மாறியது. 1917இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியவுடன், அண்டையாரின் பொறுமை எத்துணை மெல்லிய நூலில் தொங்கியது என்பது வெளிப்பட்டது. ஹட்டரைட்டுகள் போர்க்கடன் பத்திரங்களை வாங்க மறுத்ததால், தெற்கு டக்கோட்டாவில் அவர்களுடைய குடியிருப்பு ஒன்றின் மாடுகளையும் ஆடுகளையும் ஊரார் ஓட்டிச்சென்று விற்றனர். கதிரடிப்பிலும் சந்தையிலும் நாற்பது ஆண்டுகளாக அவர்களை அறிந்திருந்த மக்களே இவர்கள். ராக்போர்ட் குடியிருப்பைச் சேர்ந்த ஜோசப், மைக்கேல், டேவிட் ஹோஃபர் என்னும் மூன்று சகோதரரும் ஜேக்கப் விப்ஃபும் 1918இல் படைக்கு அழைக்கப்பட்டனர். படைச் சீருடை அணிய மறுத்ததற்காக இராணுவ நீதிமன்றம் அவர்களுக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அல்கட்ராஸ் சிறையின் நிலவறையில் கொடுமைக்குள்ளான அவர்கள், போர் முடிந்தபின் நவம்பரில் கான்சாஸிலுள்ள லெவன்வர்த் சிறைக்கு மாற்றப்பட்டனர். அங்கே நவம்பர் 29ஆம் நாள் ஜோசப்பும், டிசம்பர் 2ஆம் நாள் மைக்கேலும் இறந்தனர். ஜோசப்பின் மனைவி அவருடைய உடலைக் காண வந்தபோது, உயிரோடிருந்தவரை அவர் அணிய மறுத்த அதே சீருடை அவருக்கு அணிவிக்கப்பட்டிருந்தது. அதன்பின் பொன் ஹோம் தவிர ஏறத்தாழ எல்லாக் குடியிருப்புகளும் கனடாவுக்குப் பெயர்ந்தன. பொருளாதாரச் சரிவின் நாட்களில், 1935ஆம் ஆண்டு, தெற்கு டக்கோட்டா அரசே பொதுவுடைமைக் குடியிருப்புகளுக்கு இடந்தரும் சட்டத்தை இயற்றி அவர்கள் திரும்பிவர வழிசெய்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின் அச்சட்டத்தையும் நீக்கியது.

நெப்ராஸ்காவில் சந்தேகம் லுத்தரன் சபைகளின்மேல் விழுந்தது. ஜெர்மன் மொழியில் ஆராதனை நடத்துவதும் பள்ளி நடத்துவதும் நாட்டுப்பற்றின்மையாகக் கருதப்பட்டன. 1919இல் இயற்றப்பட்ட மொழிச் சட்டம், அரசுப் பள்ளியாயினும் சபைப் பள்ளியாயினும், ஆங்கிலமல்லாத எம்மொழியிலும் பாடம் நடத்தலாகாது என்றும், எட்டாம் வகுப்பு முடித்தபின்னரே பிறமொழி கற்பிக்கலாம் என்றும் விதித்தது. தாயும் தகப்பனும் ஜெபிக்கும் மொழியைப் பிள்ளை அறியாதிருந்தால் குடும்ப வழிபாடு என்னவாகும் என்பதே லுத்தரன் பெற்றோரின் கலக்கம்.

ஹாம்ப்டன் என்னும் சிற்றூரின் அருகிலிருந்த சீயோன் லுத்தரன் சபைப் பள்ளியில் இராபர்ட் மேயர் என்பவர் ஆசிரியர். சட்டம் பள்ளி நேரத்துக்கே பொருந்தும் என்று கருதிய சபையார், நண்பகல் இடைவேளையை அரைமணி நீட்டி, அந்நேரத்தில் ஜெர்மன் மொழியில் திருமறைக் கதைகளை வாசிக்க ஏற்பாடு செய்தனர். 1920 மே 25ஆம் நாள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வாசித்துக்கொண்டிருக்கையில் மாவட்ட அரசு வழக்கறிஞர் உள்ளே வந்து நின்றார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் காரியம் அத்துடன் முடிந்திருக்கும். மேயர் மாறவில்லை. அவருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சிறிய தொகைதான்; ஆனால் அவர் அதைச் செலுத்த மறுத்து மேல்முறையீடு செய்தார்.

இம்முறை நெப்ராஸ்கா உயர்நீதிமன்றம் ஆசிரியருக்கு எதிராக 1922இல் தீர்ப்பளித்தது. வழக்கு வாஷிங்டனுக்குச் சென்றது. லுத்தரன் ஆசிரியருக்காக அங்கு வாதிட்டவர் ஆர்தர் மல்லன் என்னும் கத்தோலிக்கர் என்பது குறிப்பிடத்தக்கது. 1923 ஜூன் 4ஆம் நாள், இரு நீதிபதிகள் நீங்கலாக மற்ற எழுவரும் மேயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். ஆசிரியர் கற்பிப்பதும், பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவரை அமர்த்துவதும் அரசியலமைப்பு காக்கும் உரிமைகள் என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி மெக்ரெனல்ட்ஸ், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசே வளர்க்கும் பிளேட்டோவின் கற்பனைக் குடியரசையும் ஸ்பார்ட்டாவையும் எடுத்துக்காட்டி, அவை இந்நாட்டுக்குப் பொருந்தா என்றார். அதே மொழிச் சட்டத்தை எதிர்த்து மிசூரி சினட்டின் நெப்ராஸ்கா மாவட்டமும் வழக்காடியது. இந்தச் சினட் நமக்கு அந்நியமானதன்று. 1895ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரியிலும், பின்னர் ஆம்பூர், நாகர்கோவில் பகுதிகளிலும் தமிழில் சுவிசேஷம் அறிவித்து, இந்தியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு அடித்தளமிட்டது அதுவே. இங்கே மக்களுடைய தாய்மொழியில் ஞானோபதேசம் கற்பித்த சபை, அங்கே தன் தாய்மொழிக்காக நீதிமன்றத்தில் நின்றது.

ஃப்ரீமன் வழக்கும் மேயர் வழக்கும் சட்ட முறையில் வேறுவேறு அடிப்படைகளில் எழுந்தவை. முன்னது மாநில அரசியலமைப்பின் சமயப் பிரிவையும், பின்னது நாட்டு அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தையும் சார்ந்தவை. ஆயினும் வரலாற்று மாணவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கவேண்டும். ஒன்றில், ஊரார் பெரும்பான்மை பள்ளியறையில் வேதத்தை வாசிக்கச் சொன்னது, ஒருவர் மறுத்தார். மற்றதில், மாநிலப் பெரும்பான்மை வேதக் கதையைத் தாய்மொழியில் வாசிக்காதே என்றது, ஒருவர் மறுத்தார். இரண்டிலும் அண்டையாரின் நல்லெண்ணம் போதவில்லை. வேலி ஒன்று வேண்டியிருந்தது. முதல் வழக்கில் அந்த வேலியைக் கேட்டவரைச் சபையார் பகைவராகக் கண்டனர். இரண்டாவதில் அதைக் கேட்டவர்கள் சபையாரே.

பொறுமை என்பது கொள்கைப் பிடிப்பற்றவர்களின் குணம் என்று நம்மிடையே ஒரு கருத்து உண்டு. இவ்வரலாறு அதனை ஏற்க இடந்தரவில்லை. மெனோனைட், ஹட்டரைட், லுத்தரன், செக் சுயசிந்தனையாளர் ஆகிய இவர்களுள் எவரும் கொள்கையில் தளர்ந்தவரல்லர். மாறாக, 1918இல் ஆடுமாடுகளை ஓட்டிச்சென்றவர்களிடம் தனியான கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊரோடு ஒத்துப்போகும் வழக்கம் இருந்தது. நம் நாட்டிலும் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்கள் நடத்தும் உரிமையை 30ஆம் உறுப்பின்கீழ் நாம் ஊக்கத்தோடு எடுத்துக்கூறுகிறோம். அதே அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசு உதவி பெறும் பள்ளியில் மாணவரை அவருடைய இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யலாகாது என்று விதிப்பதை அத்துணை ஊக்கத்தோடு நம் பள்ளித் தாளாளர்கள் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை.

ஃப்ரீமன் பள்ளி 1967ஆம் ஆண்டு வரை நடந்தது. கட்டடம் இன்றும் நினைவிடத்தின் ஒரு பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. டேனியல் ஃப்ரீமன் 1908ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். சபைக் கல்லறைத் தோட்டம் எதிலும் அவரை வைக்கவில்லை. 1863இல் முதல் நாள் பெற்ற அந்த நிலத்திலேயே அடக்கம் செய்தனர். அவருடைய மனைவி ஆக்னஸ் 1931இல் இறந்தபோது அவருக்கு அருகிலேயே வைக்கப்பட்டார்.